கோழை நாய் தேவை

எங்கள் வீட்டு நாயின் பெயர் ஆடிட்டர். பெயர் வைத்தவள் என் மனைவி. வாசலில் யார் வந்து நின்றாலும் அவரிடம் ஏதோ ஒரு குறை இருப்பதாக அது நினைத்தது. நினைத்ததோடு நிற்காமல் அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லவும் செய்தது. தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் எங்கள் மீட்டரைக் கண்ணால் பார்த்துப் பல வருடங்கள் ஆகின்றன. தெருமுனையில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து, மனதில் தோன்றிய எண்ணை எழுதிக்கொண்டு போய்விடுவார். தபால்காரர் அடுத்த தெருவிலிருந்தே கடிதத்தை வீசுவார். காற்று நன்றாக இருந்தால் எங்கள் வாசலில் விழும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வாசலில் விழும். பல் டாக்டருக்கு என் இலக்கியத் தொடர்புகள் அனைத்தும் அத்துப்படி.

இதை நான் குறையாக நினைக்கவில்லை. நான் மொழிபெயர்ப்பாளன். அரபியிலிருந்து ஆங்கிலத்துக்கு. இரண்டுமே என் தாய்மொழி அல்ல. இரண்டு வீட்டுக்கும் உறவில்லாத ஒருவன் கல்யாணம் பேசப் போவது மாதிரியான வேலை. சம்பந்தம் கூடிவந்தால் அவனை யாரும் நினைக்கமாட்டார்கள், முறிந்துபோனால் முதலில் அவன் சட்டையைத்தான் பிடிப்பார்கள். அந்த வேலைக்கு அமைதி வேண்டும். நாய் போடுகிற சத்தத்தில் என்ன அமைதி என்று கேட்காதீர்கள். நாய் குரைத்தால் நாய் மட்டும்தான் பேசும். விருந்தாளி உள்ளே வந்துவிட்டால் எல்லோரும் பேசுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஊரில் வந்து குடியேறியிருந்த அரபி நாவல்காரர் ஒருவர் தன் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். தன் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு நாவல் எழுதியிருந்தார். அவருடைய மகள் வெளிதேசத்தில் குடியிருக்கிறாள். அவள் பெண்ணுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அரபி எழுத்தைப் பார்த்தால் அழகான கொடி என்பாள், அவ்வளவுதான்.

"உலகம் படிக்கணும்னு எனக்கு ஆசை இல்ல," என்றார் நாவல்காரர். "ஒருத்தி படிச்சா போதும். என் பேத்தி. எங்க அப்பா எப்படிப்பட்ட மனுஷன்னு அவளுக்குத் தெரியணும். அவ அம்மாவே அவரைப் பாத்ததில்ல. எனக்கப்புறம் அதைச் சொல்ல ஆள் கிடையாது."

(அவர் பேசியது அரபியில். தமிழ் என்னுடையது. என் மொழிபெயர்ப்பு என்பதால் சற்று எச்சரிக்கையாகவே படியுங்கள்.)

இந்த இடத்தில் என் கொள்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலை தொடங்கிய புதிதில் நான் கொள்கை இல்லாத மனிதனாகத்தான் இருந்தேன். அரபியில் ஒருவர் சந்தோஷப்பட்டால் அவர் நெஞ்சில் பனி விழும். நமக்கு இது விளக்கமே இல்லாமல் புரியும். நம் நெஞ்சும் குளிரத்தான் செய்கிறது. ஆங்கிலக்காரர்களோ குளிரில் நடுங்கிப் பழகியவர்கள். அவர்களுக்குச் சந்தோஷம் வந்தால் நெஞ்சு சூடாக வேண்டும். ஆகவே ஒரு பாத்திரத்தின் நெஞ்சை எடுத்து அடுப்பில் வைத்தேன். பெற்ற பிள்ளையை "என் ஈரல் துண்டே" என்று கொஞ்சுகிற இடத்தைப் படித்துவிட்டு, பதிப்பகத்து எடிட்டர் பெண் போன் செய்தாள்.

"சார், ஈரல் வேண்டாம் சார். கறிக்கடை மாதிரி இருக்கு. இதயம்னு போட்டுடலாமா?"

போட்டோம். பிறகு ஒரு கருத்தரங்குக்கு என்னைப் பேச அழைத்தார்கள். மேடை, மைக், மேஜையில் பாட்டில் தண்ணீர். இவை மூன்றும் சேர்ந்தால் மனிதனுக்குள் எங்கிருந்தோ கொள்கை வந்துவிடுகிறது. "உவமையைத் தொடாதீர்கள்!" என்று முழங்கினேன். "அடிக்குறிப்பு மொழிபெயர்ப்பாளனின் தோல்வி! வாசகன் நம்மைத் தேடி நடந்து வரட்டும்!" கைதட்டினார்கள். கைதட்டல் வாங்கிய கொள்கையை எப்படிக் கைவிடுவது? வீட்டுக்கு வந்து, அதே சூட்டோடு நாவல்காரரின் முதல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் பக்கம் இப்படி இருந்தது: "என் அப்பாவின் வாசலில் சாம்பல் மேடு. அவருடைய நாய் கோழை. அவருடைய ஒட்டகக் கன்று எலும்பும் தோலும்."

அரபி படித்தவனுக்கு இது தேன். இரவும் பகலும் விருந்தாளிகளுக்கு உலை வைத்ததால் சாம்பல் மலை போலக் குவிந்துவிட்டது. புது ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் நாய்க்குக் குரைத்து அலுத்து, வீரமே போய்விட்டது. தாய் ஒட்டகத்தின் பாலெல்லாம் வந்தவர்களுக்குப் போனதால் கன்று மெலிந்துவிட்டது. மூன்று வரிக்கும் பொருள் ஒன்றுதான்: என் அப்பா, வந்தவரை வாரி அணைத்துச் சோறு போட்ட மனிதர்.

நான் ஒரு சொல்லையும் தொடவில்லை. அடிக்குறிப்பும் போடவில்லை. சாம்பலைச் சாம்பலாகவும் கோழையைக் கோழையாகவும் ஆங்கிலத்தில் இறக்கி வைத்தேன். அதோடு விட்டேனா? அட்டைப்படத்துக்கு அந்த நாயைப் போடலாம், பழுப்பு நிறமாக இருந்தால் பொருத்தம் என்று பதிப்பகத்துக்கு யோசனை வேறு சொன்னேன்.

புத்தகம் வந்தது. அட்டையில் பழுப்பு நாய். ஒரு பெரிய ஆங்கிலப் பத்திரிகை மதிப்புரை எழுதியது. "தீ விபத்தில் வீட்டை இழந்த ஒரு குடும்பத்தின் கதை. எச்சரிக்க வேண்டிய நாயே பயந்து ஒதுங்கிவிடுகிறது. கன்றைப் பட்டினி போடும் கல்நெஞ்சக்காரத் தந்தையை மகன் மன்னிக்கவே இல்லை. அந்தச் சாம்பலின் மௌனத்தை மொழிபெயர்ப்பாளர் அற்புதமாகக் காப்பாற்றியிருக்கிறார்."

கடைசி வாக்கியத்தை மட்டும் நான் படித்தேன். மதிப்புரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். பிராணிகள் நலச் சங்கம் ஒன்று அந்தக் கன்றுக்காகக் கண்டன அறிக்கை விட்டது. நம் புத்தகம் எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்திருக்கிறது பார் என்று மனைவியிடம் பெருமைப்பட்டேன்.

"போய்ச் சேர்ந்தாச்சுன்னுதான் எனக்கும் தோணுது," என்றாள்.

அப்புறம் நாவல்காரர் போன் செய்தார். குரல் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது.

"என் பேத்தி படிச்சுட்டா. அழுதுக்கிட்டே கேக்கறா, 'உங்க அப்பா வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டவரா? வீட்டைக் கொளுத்தினவரா?'ன்னு. நான் அவளுக்கு என்ன சொல்லட்டும்? என் இங்கிலீஷ், கடையில ரொட்டி வாங்கத்தான் போதும்."

சுவரில் மாட்டியிருந்த மதிப்புரையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

"லீவுக்கு வர்றா. அவளைக் கூட்டிக்கிட்டு நேரா உன் வீட்டுக்கு வர்றேன். எங்க அப்பா யாருன்னு நீயே உன் வாயால அவளுக்குச் சொல்லு. அவ நம்பினா புத்தகத்தைத் திருத்தி மறுபடி போடலாம். நம்பலைன்னா, இந்தப் புத்தகமே வேண்டாம், நிறுத்திடச் சொல்லிடுவேன். அப்பாவைத் தப்பா தெரிஞ்சுக்கறதைவிட ஒண்ணுமே தெரியாம இருக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து ஆடிட்டர் குரைத்தது. வாசலில் ஆள் இல்லை. போனில் கேட்ட புதுக் குரலைப் பார்த்துக் குரைத்தது. அதன் தொழில் பக்தி அப்படி.

அது குரைத்து முடியும்வரை நாவல்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "அது உன் வீட்டு நாயா?"

"ஆமா."

"நல்லா குரைக்குது," என்று போனை வைத்துவிட்டார்.

அவர் வளர்ந்த இலக்கியத்தில் ஒரு மனிதனை இதைவிடக் கேவலமாகத் திட்டவே முடியாது.

மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாய் குரைச்சா உங்களைக் கஞ்சன்னு நினைச்சுடுவாரேன்னு பயமா?"

"ஆமா."

"அதுல எது தப்பு?"

"விளையாடாதே. வாசல்ல இது காது கிழியக் கத்தும். உள்ளே நான் உக்காந்து விருந்தோம்பலைப் பத்திச் சொற்பொழிவு ஆத்தணும். அந்தப் பொண்ணு எப்படி நம்பும்?"

"நானே நம்பமாட்டேன்," என்றாள்.

முதலில் குறுக்குவழியைத்தான் தேடினேன். நாய் டாக்டரிடம் போனேன்.

"ஒரு நாளைக்கு மட்டும் இதைக் கோழையாக்க மருந்து இருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "வீரம் வர மருந்து கேப்பாங்க சார். பயம் வரக் கேட்டது நீங்கதான். மருந்தெல்லாம் கிடையாது. வீட்டுக்கு யாராவது வந்து போயிக்கிட்டே இருந்தா அதுவா அடங்கும்."

"வேற வழி?"

"இல்ல சார்," என்று ஆடிட்டரிடமிருந்து ஓரடி தள்ளி நின்றே சொன்னார்.

ஆக, வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஆட்களை வீட்டுக்குக் கூப்பிடத் தொடங்கினேன். தெருவில் எலெக்ட்ரீஷியன் போய்க்கொண்டிருந்தார்.

"உள்ளே வாங்களேன்."

"ஃபியூஸ் போயிடுச்சா சார்?"

"இல்ல. சும்மா ஒரு டீ குடிக்கத்தான்."

"சும்மாவா?" நின்ற இடத்தில் யோசித்தார். போய்ச் சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பல வருடமாக எங்கள் வாசலைத் தாண்ட முடியாமல் இருந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். அவர் உள்ளே வந்ததும் கண்கலங்கி, நான்கு சுவரையும் தொட்டுப் பார்த்தார். மறுநாள் தன் காகிதங்களை என் மேஜையில் பரப்பி, வாடிக்கையாளர்களுக்கு என் வீட்டு விலாசத்தைக் கொடுக்க ஆரம்பித்தார். அடுத்தது பேண்டு மாஸ்டர். அவர் வீட்டில் டிராம்போன் வாசிக்கத் தடை. என் வீட்டில் அப்படி ஒரு தடை போட எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது அவர் இரண்டாவது ராகத்தில் இருந்தார். பல் வலியோடு வந்த ஒருவர் இதுதான் பல் டாக்டர் வீடு என்று எண்ணிக் கூடத்தில் காத்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சாயங்காலத்துக்குள் வலி போய்விட்டது. அடுத்த நாள் தம்பியையும் அழைத்து வந்தார்.

இத்தனைக்கும் நடுவில் மனைவியின் தம்பி பெட்டியோடு வந்து இறங்கினான்.

"மாமா வீட்ல எல்லாரும் தங்கலாமாமே? ஊரே பேசிக்குது."

ஆடிட்டர் முதலில் ஓய்வொழிச்சல் இல்லாமல் குரைத்தது. பிறகு குரல் கம்மிப்போய், ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து குரைத்தது. பிறகு வாயை மட்டும் திறந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் படுத்த இடத்திலிருந்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கியது. ஒருநாள் தண்ணீர் மீட்டர்காரர் நடுங்கிக்கொண்டே உள்ளே வந்தார். ஆடிட்டர் எழுந்து, அவருக்கு வழி விட்டு, மீட்டர் பக்கம் நடந்து போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் காஸ் அடுப்பு. சாம்பலுக்கு வழியில்லை. ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டியில் டீக் கோப்பைகள் குழாயை மறைக்கும் உயரத்துக்கு எழுந்திருந்தன. மனைவி அங்கே என்னை நிறுத்தினாள்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க? கழுவுங்க."

"என் கை எழுதற கை."

"அந்தக் கை எழுதினதாலதான் இந்த நிலைமை."

கழுவினேன். பக்கத்தில் மைத்துனன் வந்து நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டே எதையோ குடித்தான். கடுங்காப்பி.

"பால் ஊத்திக்க வேண்டியதுதானே மாப்பிள்ளே?"

"எங்கே மாமா? பாலெல்லாம் வர்றவங்களுக்கே சரியாப் போகுது. அக்காவைக் கேட்டா 'நீ வீட்டு ஆளுதானே'ங்கறா. இடுப்பு பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்கேன், பாருங்க."

அவர்கள் வருகிற நாளும் வந்தது. பேத்தியிடம் ஆங்கிலத்தில் பேச ஓர் உரை தயாரித்து வைத்திருந்தேன், மேற்கோள்கூட உண்டு. டிராம்போன் சத்தத்தில் அதை மனப்பாடம் செய்ய முடியாமல் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த நாட்களில் நான் அங்கேதான் பதுங்கிக்கொண்டிருந்தேன். மூட்டைமேல் உட்கார்ந்து உரையின் முதல் பத்தியைச் சொல்லிப் பார்த்தேன். மிக நல்ல உரை என்று சொல்ல வேண்டும். இரண்டாவது பத்திக்கு வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

"என்னங்க! வந்துட்டாங்க!"

மனைவியின் குரல் கேட்டுத் துள்ளி எழுந்தேன். தலையில் ஒட்டடையோடு, ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு, கூடத்துக்கு ஓடினேன். நாவல்காரர் உள்ளே வந்து நின்றிருந்தார். பதினைந்து வயதிருக்கும் பேத்தி தரையில் உட்கார்ந்து ஆடிட்டரின் காதைச் சொறிந்துகொண்டிருந்தாள். அது கண்ணை மூடிச் சொக்கிக் கிடந்தது. ஆகா, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஆடிட்டர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

வாரக்கணக்கில் யார் யாருக்கோ குரைக்காமல் சேர்த்து வைத்திருந்த அத்தனை குரைப்பையும் எடுத்து என்மேல் கொட்டியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பல் வலிக்காரருக்கு வலி திரும்பி வந்தது. டிராம்போன் நின்றுவிட்டது. என் சொந்த வீட்டில், என் சொந்த நாய், என்னைத் திருடன் என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது.

நாவல்காரர் நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புத்தகம் போயிற்று என்று முடிவு கட்டினேன். மனப்பாடம் செய்த உரையில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அவகிட்டச் சொல்லு," என்றார் அரபியில், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்க அப்பா நாயும் இதே மாதிரிதான். ஊர்ல எவன் வந்தாலும் குரைக்காது. எங்க அப்பாவைப் பாத்து மட்டும் குரைக்கும். ஏன்னா, வீட்ல எல்லாரும் உக்காந்திருப்பாங்க. அவர் ஒருத்தர்தான் தட்டும் தண்ணியுமா ஓடிக்கிட்டே இருப்பார். உக்காராத ஆளைப் பாத்தா நாய்க்குச் சந்தேகம் வராதா? சொல்லு."

சொன்னேன். சொல்லுக்குச் சொல், ஒன்றையும் தொடாமல்.

பெண் என் தலையில் இருந்த ஒட்டடையையும் ஒற்றைச் செருப்பையும் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். காகிதம் பரப்பிய ஏஜென்ட், டிராம்போனை மடியில் வைத்த மாஸ்டர், கன்னத்தைப் பிடித்திருந்த அண்ணனும் தம்பியும்.

"இவங்க எல்லாம் உங்க சொந்தக்காரங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"யாருன்னே தெரியாது," என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளில் அதுவும் ஒன்று.

"அப்ப அந்தச் சாம்பல் மேடு?"

தொட்டியைக் காட்டினேன். அன்று கழுவ நேரமில்லை. கோப்பைகள் ஜன்னலை எட்டியிருந்தன.

"கன்னுக்குட்டி?"

மைத்துனனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும். கடுங்காப்பி டம்ளரோடு கையைத் தூக்கினான்.

அவள் சிரித்த சிரிப்பில் ஆடிட்டரே குரைப்பதை நிறுத்திவிட்டது. பிறகு சட்டென்று முகம் மாறித் தாத்தாவின் கையைப் பிடித்தாள்.

"நான் அவரைக் கெட்டவர்னு என் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே ஒவ்வொருத்தர்கிட்டயா மாத்திச் சொல்லணும்." கொஞ்சம் யோசித்து, "ஆனா இந்த நாய்க் கதை ஏன் புத்தகத்துல இல்ல?" என்றாள்.

மொழிபெயர்த்தேன். நாவல்காரர் கூரையைப் பார்த்தார்.

"மறந்துட்டேன்னு சொல்லு. அடுத்த பதிப்புல சேத்துடறேன்."

சாப்பாடு முடிந்து பெண் கூடத்தில் டிராம்போன் ஊதிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் தொட்டியின் முன்னால் நின்றேன். நாவல்காரர் வந்து, கேட்காமலே ஒரு துணியை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தார். நானும் ஒரு மொழிபெயர்ப்பாளனாக, துல்லியத்துக்காகக் கேட்டேன்.

"அப்பாவோட நாய் என்ன நிறம்? பழுப்புதானே?"

"எந்த நாய்?"

"குரைக்குமே, அந்த நாய்."

"எங்க வீட்ல நாயே கிடையாது," என்றார். "அப்பாவுக்கு நாய் முடி ஒத்துக்காது. தும்முவார்."

கோப்பை என் கையிலிருந்து வழுக்கியது. "அப்ப ஒட்டகம்?"

"டவுன்ல மாடி வீடு. கீழே தையல் கடை. ஒட்டகத்தை எங்கே கட்டறது?" துடைத்த கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வாரி வழங்கினவரை எங்க மொழியில அப்படிச் சொல்றதுதான். நாய் இருந்தாத்தான் சொல்லணுமா? நீ இதையெல்லாம் படிச்சவன்தானே? அட்டையில அந்த நாயைப் பாத்து நானே திகைச்சுப் போனேன். சரி, இங்கிலீஷ்ல அப்படித்தான் போடுவாங்க போலன்னு விட்டுட்டேன்."

"அப்ப பேத்திகிட்டச் சொன்னது?"

"உன் நாய் குரைச்சதும் தோணிச்சு." அடுத்த கோப்பையை எடுத்துக்கொண்டார். "ஆனா அவர் உக்காராதது நிஜம். எங்க அப்பா உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல."

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அதில், எந்தக் காலத்திலும் இல்லாத நாய் ஒன்று, உண்மையிலேயே இருந்த அப்பாவைப் பார்த்துக் குரைக்கிறது. முதல் பக்கத்தின் கீழே என் அடிக்குறிப்பும் இருக்கிறது. இந்த முறை யாரும் அந்த வீட்டில் தீப்பிடித்ததாக எழுதவில்லை. நான் முதல் மதிப்புரையைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். கண்ணாடிச் சட்டத்தில் இப்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட்டின் படம் இருக்கிறது, அவரே மாட்டிக்கொண்டார். நாய் விஷயத்தை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள்.

விருந்தாளிகள் இன்னும் போகவில்லை. ஆடிட்டர் இன்னும் என்னைப் பார்த்து மட்டும்தான் குரைக்கிறது. முடி வெட்டிக்கொண்டு வந்தால் குரைக்கிறது, வெட்டாமல் வந்தாலும் குரைக்கிறது. நான் ஓடியாடி உபசரிப்பதால்தான் அப்படி என்று ஒருநாள் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நேத்து முழுக்க நீங்க சாமான் அறையில தூங்கினதை அதுவும்தான் பாத்துது," என்றாள். "தொட்டி நிறைஞ்சுடுச்சு, எழுந்திருங்க."